கடைசித் தோணியில் தொப்பி இல்லாதவர்

வவுணதீவுப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"லேசர் செஞ்ச கண்ணால, வேற ஒருத்திட புருசனச் சோறு தின்னக் கூப்பிட்டுட்டன் மச்சாள்."

"என்ன கா சொல்றாய்?"

"கிட்டத்துல தெரியல்ல எண்டுதானே செஞ்சன். அடுத்த நாளே மீன் முள்ளு, ஊசிக் காது எல்லாம் வடிவாத் தெரிஞ்சிது. ஆனா தூரம் புகை மாதிரி. மீன் புடிக்கப் போன எங்கட மனுசன்ட தோணி எண்டு, சோத்துப் பெட்டியோட கரையில நிண்டு கைகாட்டினன். வந்தது வேற ஆள்."

"உன்ட மனுசன் ஏசல்லையா?"

"செய்யாத எண்டு தடுத்தவருக்கு எப்படிச் சொல்ற? கண்ணு போச்செண்டு ஒளிச்சிருந்து அழுதன். பொறகு டொக்டர்ட போனன். இந்த ஒப்பரேசனுக்குத் தொடக்கத்துல இப்படித்தான் இருக்கும், போகப் போகத் தூரமும் தெளியும் எண்டாரு."

"தெளிஞ்சிதா?"

அவள் வாவிப் பக்கம் கைநீட்டினாள். "அந்தா, கடைசித் தோணி. தொப்பி போடுங்க எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். வெறுந்தலையோட நிக்காரு பாரு."

நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குத் தோணி மட்டும்தான் தெரிந்தது.