பாதிக்குப் பாதி

இரவு பதினொரு மணி. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பாதை. மாம்புரிச் சந்தியில் ஒரே ஒரு ஆளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. பிறகு காற்று மட்டும்தான்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நுரைச்சோலையில் நாட்டுக்கே கரண்ட் காய்ச்சுகிறார்கள், நம்முடைய பல்பு மட்டும் செத்துக் கிடக்கிறது. லைட் வருமட்டும் இதைக் கேளுங்கள். என் கூட்டாளி நிக்கொலஸ் கண்ணால் கண்டது. நிக்கொலஸ் பொய் சொல்ல மாட்டான். அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டான்.

அன்று அந்தச் சந்தியில் இறங்கியவர் ஹமீட் நானா. நிக்கொலஸோடு ஒரே போட்டில் கடலுக்குப் போனவர். ஒரு பக்கச் சிறுநீரகத்தில் கட்டி என்று அதை முழுசாக வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சமிருக்கிற ஒன்று தனியாகச் சமாளிக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று கொழும்புக்குப் போனார். கையில் ஊசியால் ஒரு மருந்தை ஏற்றிப் பெரிய கெமராவின் கீழே படுக்க வைத்தார்களாம். அந்த மருந்து உள்ளேயிருந்து கதிர் விடும். நம் கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். சிறுநீரகம் அதை இழுத்து வெளியே தள்ளுகிற விதம் படத்தில் விழும்.

முடிந்ததும் நர்ஸ் சொன்னாள்: "நல்லா தண்ணி குடிங்க. ஒரு நாளைக்குச் சின்னப் புள்ளைகள், புள்ளத்தாச்சிகளுக்குக் கிட்டப் போக வேணாம். ஆறு மணித்தியாலத்துல மருந்து பாதியாகும்."

"அதுக்குப் பொறகு, மிஸ்?"

"அந்தப் பாதியில பாதி."

"அப்ப முழுசா எப்ப முடியும்?"

நர்ஸ் சிரித்தாளாம். சிரிக்காமல் பதில் சொல்லியிருக்கலாம்...

வீட்டில் ஒரே மகள் ஜுமானா. கலியாணம் முடித்து ஒன்பது வருஷம் கழித்து, அப்போதுதான் வயிற்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும் என்றுதான் மனிதர் கத்திக்கே சம்மதித்தார்.

வேலிப் படலையில் வாப்பாவைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் பின்னால் பின்னால் போனார்.

"கிட்ட வராதீங்க மகள்! மேலுக்குள்ள மருந்து இரிக்கி."

"அப்ப சோறு, வாப்பா?"

"அந்தா, மதில்ல வைங்க. நாளைக்கு வாறன்."

கடற்கரையில் மீன்பிடிக்காரர் தங்குகிற வாடிக்குப் போனார். அங்கே நிக்கொலஸ் படுத்திருந்தான்.

"டேய், நீ புள்ளத்தாச்சி இல்லதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வலைக்கு மேல் சாய்ந்தாராம்.

இரவெல்லாம் தண்ணீர்ப் போத்தல் நெரிகிற சத்தம். கரக்... கரக்... நர்ஸ் சொன்னபடி குடித்துக்கொண்டே இருந்தார். விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முன்னால் சத்தம் நின்றது. நிக்கொலஸ் பால் விடாத பிளேன்டியோடு எழுப்பப் போனான். நெஞ்சு நின்று, உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

நாங்கள் மையித்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டோம்தானே. பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம். ஜுமானா வாப்பாவின் நெற்றியில் ஒருதரம் கொஞ்சவேண்டும் என்று கதறினாள். சொந்தக்காரர்கள் விடவில்லை.

"ஒரு நாள் இன்னும் முடியல்ல புள்ள. வயித்துல இரிக்கிறதப் பாருங்க."

கதவு நிலையைப் பிடித்தபடி தூரத்திலிருந்தே பார்த்தாள். மையித்தைச் சுமந்த சந்தூக்கு போய்விட்டது.

ஒரு கிழமையில் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"படம் நல்லம். மிச்சமிருக்கிற கிட்னி அருமையா வேலை செய்யுது. ஐயாவப் பயப்பட வேணாமெண்டு சொல்லுங்க."

"சொல்றன்," என்றாள் ஜுமானா. பிறகு கேட்டாள்: "அடுத்த நாள் பகல் நான் கிட்டப் போய்க் கொஞ்சியிருந்தா?"

"ஒண்டும் ஆகியிருக்காது, தங்கச்சி."

அன்றிரவுதான்... கடல் பக்கமிருந்து கரக்... கரக்... கூடவே ஆஸ்பத்திரி ஸ்பிரிட் மணம். நாய் குரைக்கவில்லை. விடிந்து நிக்கொலஸ் போய்ப் பார்த்தான். வாடிக்கும் வீட்டுக்கும் சரி நடுவில், மணலில் இரண்டு பாதச் சுவடு. வீட்டைப் பார்த்தபடி. வந்த தடமும் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை.

பெண்பிள்ளை பிறந்தது. அந்த இரவும் போத்தல் சத்தம். சுவடு மிச்சத் தூரத்தின் பாதியில், கிணற்றடியில் கிடந்தது. பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோது அதிலும் பாதி, படலையடியில். நடக்கத் தொடங்கியபோது வாசற்படியில்.

"வாங்க வாப்பா, நாளைக்கெண்டு சொன்ன நாள் முடிஞ்சி எவ்வளவு காலம்..." என்று ஜுமானா இருட்டைப் பார்த்து அழுவாள். கதவைத் திறந்து வைத்தே படுப்பாள். வரமாட்டார். பாதிதான் வருவார். எப்போதும் ஒரு பாதி மிச்சமிருக்கும்.

போன கிழமை பிள்ளைக்கு மூன்று வயது. இரவில் அந்தச் சத்தம் கட்டிலடியில் கேட்டதாம். ஜுமானா எழும்பி லைட்டைப் போட்டாள். ஒருவரும் இல்லை. சீமெந்துத் தரையில் இரண்டு ஈரப் பாதம், கட்டிலுக்கு ஒரு சாண் இப்பால். பிள்ளை நல்ல தூக்கம். ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டு, விரல்கள் விரிந்து... யாரிடமோ கொடுக்கிற மாதிரி.

ஜுமானா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை நல்ல சூடு. ஐந்து விரலும் நுனியிலிருந்து ஐஸாகக் குளிர்ந்திருந்தன...

பாதிவரைக்கும்.