கழுத்து ஒத்துப் போகலையாம்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க. இந்த அடையாள அட்டையில இருக்கறது என் கழுத்தா இல்லையா? ஒரு மடிப்பு இருக்கா? இப்ப எனக்கு ரெண்டு மடிப்பு இருக்காம். அதனால நான் நான் இல்லையாம். வாட்ச்மேன் சொல்றாரு, கேட்டுக்குள்ள விடமாட்டேங்கறாரு. குப்பை போட வந்தவன் சார், கையில போன்கூட இல்ல.

நீங்க புதுசா குடிவர்றீங்களா? பெட்டியைக் கீழ வைங்க, நேரமாகும். உள்ள அந்தச் சுவரோரம் ஒரு கோடு போட்டிருக்கு பாருங்க, அதுல நிக்க வச்சுப் படம் எடுப்பாங்க. எடுத்த படத்தை ஒரு ப்ரோகிராம் வெட்டி, சுருக்கி, குடியிருப்போர் சங்கத்தோட வெப்சைட்ல ஏத்திடும், அட்டையிலயும் அதுதான் வரும். எல்லாம் தானா நடக்கும். அஞ்சு எம்பி படம் இருபது கேபி ஆயிடும். சுருக்கினதுல எல்லார் கழுத்தும் வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கு, அது வேற விஷயம்.

மூஞ்சி எங்கன்னா கேக்கறீங்க? மூஞ்சி வராது சார். கழுத்து மட்டும்தான் வரும்.

என் மாமனார் போன வாரம் வந்தாரு. கழுத்தைக் காட்டுங்கன்னு அரைமணி நேரம் அண்ணாந்தே நிக்க வச்சுட்டாங்க. சுளுக்கிக்கிச்சு. இப்ப கழுத்துல பட்டை போட்டிருக்காரு. இன்னைக்கு பதினோரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு, நான்தான் கூட்டிட்டுப் போகணும். பட்டையோட வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க, கழுத்து தெரியாதே. என் மனைவி வேலைக்குப் போயாச்சு. இன்டர்காம்ல கூப்பிட்டா அவருதான் எடுப்பாரு... எடுத்து என் குரலைக் கேட்டதும் வச்சுடறாரு. என்கூடப் பேசறதில்ல.

ஏன்னா... அது வந்து... அந்தப் படம் வெட்டற ப்ரோகிராமை எழுதினதே நான்தான் சார்.

அப்படிப் பாக்காதீங்க. நல்லாத்தான் எழுதினேன். எந்த வெப்சைட்ல வேணா தூக்கி ஒட்டிக்கலாம். முதல்ல வெட்டற கட்டத்தை அவங்கவங்களே நகர்த்தி மூஞ்சியில வைக்கற மாதிரிதான் இருந்துச்சு. என் மச்சான் என்ன பண்ணான், கட்டத்தை இழுத்துட்டுப் போய் அவன் காரு மேல வச்சான். அட்டையில காரு வந்துடுச்சு. எனக்கு வந்துச்சே கோபம், கட்டத்தை ஒரே உயரத்துல பூட்டிட்டேன். உயரம் பாக்க ஆள் வேணுமில்ல? அன்னைக்கு வீட்ல என் பொண்ணுதான் இருந்தா. கூட்டிட்டு வந்து அந்தக் கோட்டுல நிக்க வச்சேன், மூஞ்சி கச்சிதமா வந்துச்சு. அவ ஏழாவது படிக்கறா சார். பெரியவங்களுக்கு அந்த உயரத்துல என்ன இருக்கும்னு நான் யோசிக்கல. இந்த நூத்திருபது வீட்லயும் மூஞ்சியோட அட்டை வச்சிருக்கறது அவ ஒருத்திதான்.

மாத்திடலாம், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா கம்ப்யூட்டர் மேல வீட்லதானே இருக்கு.

என்ன வாட்ச்மேன்? சார் கொஞ்சம் அண்ணாந்து பாக்கணுமா? பாருங்க சார், சொன்னா கேக்கணும். அட, என் அட்டையை எதுக்கு அவர் கழுத்துகிட்ட வச்சுப் பாக்கறீங்க... ஆமா, ஒரு மடிப்புதான்... அதுக்கு? அவரை நான்னு நினைச்சா கதவைத் திறக்கறீங்க?

சார், ஒரு நிமிஷம். போறதுதான் போறீங்க, மூணாவது மாடி, வலது பக்கம் என் வீடு. மாமனார் திறப்பாரு. பட்டையோட அவரால தலையைத் தூக்கிப் பாக்க முடியாது. கோபத்தை மறந்து 'மாப்ள'ன்னு கூப்பிட்டா, எனக்காக ஒரு தடவை 'சொல்லுங்க மாமா'ன்னுடுங்க.