பிளம்பர் வீட்டு அடைப்பு

பிள்ளைக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனா, இங்க இருக்கிற பாதிப் பேரு ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைக்கிறதில்ல. கேட்டா, "பிள்ளை நல்லாத்தானே இருக்கான்"ங்கிறீங்க. சரி… ஒரு கதை சொல்றேன், சின்னதுதான். கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

தவசிலிங்கம்னு ஒரு பிளம்பர். அவர் மகன் அதியன். உங்க பிள்ளைங்க மாதிரியே, மலம் போற வாசல் இல்லாம பிறந்தவன். டாக்டருங்க ஆபரேஷன் பண்ணி வழி வச்சுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் பிள்ளை முதல் தடவையா வெளிக்குப் போனான்… மனுஷன் வார்டு முழுக்க லட்டு குடுத்தாரு.

"என்னங்க விசேஷம்?"

"பையன் வெளிக்குப் போனான். எடுத்துக்கோங்க."

இதைச் சொல்லி நீட்டினா யாரு வாங்கித் தின்பா? ஆனா எல்லாரும் தின்னாங்க. அந்த சந்தோஷம் என்னன்னு அந்த வார்டுக்குத் தெரியும்… உங்களுக்கும் தெரியும்.

பையன் ஒண்ணாப்பு சேர்ந்தான். அப்பதான் ஜட்டியில மலம் கசிய ஆரம்பிச்சது. பொண்டாட்டி முத்துமாரி சொல்லுது, "ஏங்க, ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தாங்களே, போவோமா?"

இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "எதுக்குடி ஸ்கேனு? அவன் எத்தனை தடவை போறான் பாத்தியா? ஊர்ல எவன் பிள்ளை இப்படிப் போறான்? டாக்டர் குடுத்த வயித்த இளக்குற மருந்தை முதல்ல நிறுத்து."

நிறுத்தியாச்சு. கசிவு நின்னுச்சா? கூடுச்சு. ஒருநாள் பையன் பையைத் தூக்கி மூலையில வச்சுட்டான். "நான் பள்ளிக்கூடம் போகல. என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க." அப்பா அவனைத் தூக்கிக்கிட்டாரு. மறுநாளே ஆஸ்பத்திரி.

அங்க ஸ்கேன் பாக்குற பானு டாக்டர், "பையன் நிறைய தண்ணி குடிக்கட்டும். மூத்திரப்பை நிறைஞ்சாத்தான் பின்னாடி இருக்கிற குடல் நல்லாத் தெரியும்"னாங்க. தவசிலிங்கம் பாசக்காரர் இல்லையா… "நீ மட்டும் கஷ்டப்பட வேணாம்ப்பா"ன்னு இவரும் ஒரு பாட்டில் குடிச்சாரு. வரிசையோ நீளம். கொஞ்ச நேரத்துல… பையன் அப்படியே உக்காந்திருக்கான். அப்பாவுக்கு உக்கார முடியல, நிக்க முடியல.

பையன் தட்டிக் குடுக்குறான். "அடக்கிக்கப்பா. இன்னும் ரெண்டு பேருதான்."

எங்க அடக்குறது? மனுஷன் ஓடிட்டாரு.

திரும்பி வந்தா ஸ்கேன் நடக்குது. திரையைப் பாத்து, "டாக்டர், அது என்ன உருண்டையா… லட்டு மாதிரி?"

"அது லட்டு இல்லைங்க."



"உள்ள கெட்டியா தங்கிக் குடலே வீங்கிக் கிடக்கு. அதைச் சுத்தி வழியிறதைத்தான் 'போறான், போறான்'னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பிளம்பருங்க."

"ஒரு வீட்டுல சாக்கடைக் குழாய் நிக்காம கசிஞ்சா என்ன சொல்லுவீங்க?"

"உள்ள அடைப்பு இருக்குன்னு…" பையன் தலையைத் தடவிக்கிட்டே நின்னாரு. கண்ணு கலங்கிருச்சு.

வயித்தைச் சுத்தம் பண்ணாங்க. மருந்து திரும்ப ஆரம்பிச்சாச்சு. சொன்ன தேதிக்கெல்லாம் ஸ்கேன். குடல் கொஞ்சம் கொஞ்சமா சுருங்குச்சு, கசிவு நின்னுச்சு. இப்ப அதியன் பக்கத்துல உக்காரப் பசங்க சண்டை போடுறாங்களாம். அவன் சீட்டு ஜன்னலோரம்ல…

இப்ப சொல்லுங்க. தவசிலிங்கத்துக்குப் பிள்ளை மேல பாசம் இல்லையா? உங்களுக்கு இல்லையா? பாசத்துக்கு வயித்துக்குள்ள பாக்கத் தெரியாதுங்க… அந்த ஸ்கேனுக்குத்தான் தெரியும். ஊசி இல்ல, வலி இல்ல. வயித்துல தடவுற ஜெல்லு சில்லுன்னு இருக்கும், பிள்ளை சிரிக்கும், அவ்வளவுதான். நல்லாத்தானே இருக்கான்னு வீட்டுல இருந்துக்கிட்டு நீங்களா முடிவு பண்ணாதீங்க. தேதி குடுத்தா கூட்டிக்கிட்டு வாங்க.

ஆனா அப்பாக்களே… நீங்க தண்ணி குடிக்காம வாங்க.