மூன்று டிராம்போன்கள் தாமதமானது குறித்து

பெயர்: கொன்ஸ்தந்தீன் எஃபீமவிச் ஸ்த்ரோகின். வயது 44. தொழில்: இசைக்குழுவில் முதல் டிராம்போன் (நீண்ட பித்தளை ஊதுகருவி) வாசிப்பவன். இருப்பிடம்: லெனின்கிராத், ஃபந்தான்கா ஆற்றங்கரைத் தெரு, பொதுக் குடியிருப்பு. 1938 பிப்ரவரியில் அரசுப் பாதுகாப்புத் துறையால் விசாரிக்கப்பட்டபோது சொன்னது:

நான் மேற்படி இடத்தில் ஐந்து குடும்பங்களோடு ஒரே சமையலறையில் காலம் தள்ளி வருகிறேன். இசையமைப்பாளர் வலெரியான் மிரோனவிச் லூகின் இப்போது தங்கள் காவலில் இருக்கிறார். அவருடைய புதிய சிம்பொனி போன நவம்பரில் முதல்முறை அரங்கேறியபோது நானும் வாசித்தேன். அதன் கடைசிப் பகுதி வெற்றி முழக்கமாக ஆரம்பிக்க வேண்டியது. டிராம்போன்கள் மூன்றும் ஊதாமல் இருந்ததால் முரசு மட்டும் தனியாக அடித்து, பிணம் எடுப்பது போல் ஆகிவிட்டது என்றும், அப்படி ஊதாமல் இருக்கச் சொன்னது லூகின்தான் என்றும் குற்றச்சாட்டு. அவர் சொல்லவில்லை. பிசகு என்னுடையது.

அதற்கு முந்திய மெதுவான பகுதியில் எங்களுக்கு வாசிக்க ஒன்றும் கிடையாது. கருவியை மடியில் வைத்துக்கொண்டு தாளத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணுவது நான். நான் கருவியைத் தூக்கினால் மற்ற இருவரும் தூக்குவார்கள். இது எங்கள் பழக்கம். ஒத்திகையில் மூன்றாம் டிராம்போன் வாசிக்கும் புரோகர் என் செல்லப்பெயரைச் சொல்லி, “கோஸ்த்யா, இந்தப் பகுதிக்கு நமக்கு சம்பளம் சும்மாதான்டா. தூங்கித் தொலைச்சிடாதே” என்றான். நான் தூங்கவில்லை. நாங்கள் பின்வரிசையில், உயரத்தில், அரங்கைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். வேலையில்லாத கண் எங்கே போகும்? கூட்டத்தைப் பார்த்தேன்.

முதலில் ஒரு பெண் கையுறையை வாயில் வைத்துக் கடித்தாள். பக்கத்திலிருந்தவர் திரும்பவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார். அதன்பின் வரிசை வரிசையாக அழுதார்கள். சத்தமே இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்து போகவும் முடியாது. அதன்பின் கடைசிப் பகுதியின் முரசு கேட்டது. அப்போதும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், தப்புத் தப்பாக. புரோகர் முழங்காலால் இடித்து, “ஊதுடா பாவி!” என்ற பிறகே ஊதினோம். அதற்குள் அரங்கமே எழுந்து நின்றுவிட்டது.

அதன்பின் அழுதவர்களின் பெயர்கள் கேட்கப்பட்டன. எல்லோரும்தான் என்றேன். அதிகாரி, “யோவ், எல்லாரும்னு ஒருத்தனுக்கும் பேர் கிடையாது. ஆளைச் சொல்லு” என்றார். எனக்குப் பெயர் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் படம் எங்கள் ஒத்திகைக் கூடத்தில் தொங்குகிறது. நகரக் கலைத்துறைத் தலைவர் தோழர் வெர்ஷினின். சிறப்பு மாடத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை போதாமல் சட்டைக் கையாலும் துடைத்துக்கொண்டார் என்றேன். அதிகாரி இதை விட்டுவிடலாம் என்றார். பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னது நீங்கள்தான், எழுதுங்கள் என்றேன். பயந்துகொண்டேதான், ஆனாலும் இரண்டு தடவை சொன்னேன்.

அதன்பின் அதிகாரி வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். “அது ஆனந்தக் கண்ணீர். அப்படித்தானே?” என்றார். அப்படியானால் லூகின் வீட்டுக்குப் போவாரா என்று கேட்டேன். “ஜனங்க ஆனந்தமா அழுதா, பாட்டு எழுதினவன் மேல என்ன குத்தம்?” என்றார்.

ஆகவே, அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஆனந்தத்தால் அழுதார்கள்.

அதன்பின் நானும் அழுதேனா என்று கேட்கப்பட்டது. அழுதேன். எதற்காக என்று கேட்கப்பட்டது. என் தம்பி இக்னாத் போன ஜூன் மாதம் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டான். அவனுக்கென்று கொண்டுபோன கம்பளிக் காலுறையைச் சிறை வாசலில் வாங்க மறுத்துவிட்டார்கள். வேறு தகவல் இல்லை. நானும் ஆனந்தத்தால்தான் அழுதேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கொ. எ. ஸ்த்ரோகின்