மச்சான் அவித்த கல்

எனக்கு மீன்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை, டொக்டர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாய்ந்தமருதில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்குவார். என் கூடப்பிறந்த நஸ்லின் ராத்தாவைக் கலியாணம் முடித்த மசூர் மச்சான் ஒரு கடல்நீர்த் தொட்டியோடும் வந்து இறங்கினார். உயிர்ப் பவளம் ஒட்டிய கல், வண்ண மீன்கள், நீல விளக்கு. அது என் அறையில் குடியேறியது. நான் ஹோலுக்குப் போனேன். மீனுக்கு ஏசி, எனக்கு நுளம்புக்கடி. குறையாகச் சொல்லவில்லை.

பிறகு தொட்டிக் கல்லில் ஒரு பீடை முளைத்தது. கண்ணாடிப் பூ மாதிரி ஒரு பிராணி. பக்கத்துப் பவளத்தைக் கொட்டியே கொன்றுவிடும். வெட்டினால் துண்டெல்லாம் தனித்தனிப் பூவாகும். மச்சான் வெட்டினார். கல் முழுக்கப் பூத்தது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"கெம்பஸ் படிக்கிற ஆள்தானே, நெட்டில கொஞ்சம் பாத்துச் சொல்லன் மச்சான்" என்றார் என்னிடம்.

பார்த்தேன். கல்லை அவித்தால் பீடை செத்துவிடும் என்றிருந்தது. அடுத்த வரியில், பொத்தான் போன்ற ஒருவகைப் பவளம் ஒட்டிய கல்லை அவிக்கவே கூடாது, அதன் ஆவி நஞ்சு என்றுமிருந்தது. மச்சானின் கல்லில் அது பச்சையும் செம்மஞ்சளுமாக அப்பிக்கிடந்தது. நான் முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

இன்று காலை குசினியில் பானை ஏறியது. நான் முற்றத்தில் நின்றேன். அங்கே நல்ல காற்று. கொஞ்சம் இருமுவார், வெறுத்துப்போய்த் தொட்டியை விற்றுவிடுவார் என்றுதான் கணக்கு. ஏழு மாத வயிற்றோடு ராத்தா, "என்னங்க அவிக்கிறீங்க, ஊரே மணக்குது" என்றபடி உள்ளே போனது யன்னலில் தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பா.

இருவரையும் இங்கே கொண்டுவந்ததும், எதைச் சுவாசித்தார்கள் என்று நீங்கள் கேட்டபோது, மச்சான் ஒட்சிசன் மூடியை விலக்கி, "கல்லுதான் டொக்டர் அவிச்ச. நான்தான் அவிச்ச. அவவப் பாருங்க" என்றார். தாதி சிரிப்பை அடக்கினா. நான் அவர் கட்டிலருகில்தான் நின்றேன், பேப்பரால் விசிறிக்கொண்டு. அப்போதே வாய் திறந்திருப்பேன், வெட்கமாக இருந்தது.

இப்போது ராத்தாவுக்கு ஒட்சிசன் அளவு இன்னும் இறங்குகிறது என்கிறீர்கள். சரி. அது பவள நஞ்சு. தெரிந்துதான் அவிக்கவைத்தேன்.

ஒரேயொரு உதவி, டொக்டர். இது அவவுக்குத் தெரியவேண்டாம். தாங்கமாட்டா, எனக்கு ராத்தாவின் உடம்புதான் முக்கியம்.