அஞ்சாவது ஆள்

– கேம் விளையாடத் தெரியும்ங்கிற சுகந்தி, சரி. யாரு இல்லன்னா? ஆனா நீ கேமர் கெடையாது. ரெண்டும் வேற, பாத்துக்க.

– எப்படி வேற, மாரீஸ்வரண்ணே?

– ஏலே பிரபாகரா, இந்தப் பிள்ளைக்கு நீயே வெளக்கிச் சொல்லு.

– நானா? அது வந்து மாரீசு... எனக்கே அதுல கொஞ்சம் கொழப்பந்தான்.

– கொழப்பமாம்ல. இந்த ஆள வச்சுக்கிட்டுத்தான் கடலாடிக்கே மொத கேமிங் சென்டர நடத்திக்கிட்டிருக்கேன். கேளு தங்கச்சி. பொழுது போகலன்னு போன நோண்டுறவன் கேம் விளையாடுறவன். சோறு திங்கும்போதும் குறி வைக்கிற நெனப்பாவே இருக்கிறவன் கேமர். அந்தா சுவத்தப் பாரு. பெயிண்டுல அஞ்சு பேரு எழுதியிருக்கா? அவுக கேமர். மத்தவன் பூராம் கஸ்டமர்.

– அந்த அஞ்சுல மதாரு கத்தாருக்குப் போயிட்டாராமே.

– போன வாரம் பிளேன் ஏறிட்டான். அதனாலதான ஒன்ன உக்கார வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் கீழக்கரைக்காரவுக நடத்துற போட்டி. அவனவன் எடத்துலருந்தே ஆடலாம், ஆனா டீமுக்கு அஞ்சு பேரு இருக்கணும். நாலு பேருன்னா கதவத் தெறக்கவே மாட்டாக. ரெண்டு வருசமா கப்பு இங்கனதான் இருக்கு. இந்தத் தடவ ஆளில்லாம ஒக்காந்தோம்னா நான் கீழக்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

– மாரீசு, அந்தப் பிள்ளை எதுக்கு வந்திருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு...

– நீ செத்த சும்மா இரு. டீம் விசயமாப் பேசணும்னு படியேறி வந்த பிள்ளை, வடையா கேக்கப் போகுது? ஏம்மா, எந்த கன்சோல்ல ஆரம்பிச்ச?

– கன்சோலா? எங்கண்ணன் கீழ போட்டு ஒடைச்ச போனுலண்ணே.

– சுத்தம். கம்ப்யூட்டர்ல?

– கம்ப்யூட்டர காலேஜுல தொட்டதோட சரி.

– ஹெட்செட்டு?

– ஒத்தக் காதுல கேக்கும். மத்தக் காது வீட்டுல யாரு கூப்பிடுறாகன்னு கேக்கணும்ல.

– பாத்தியாலே பிரபாகரா? இதத்தான் சொல்றேன். எங்க வச்சு ஆடுவ?

– மிளகாக் களத்துல. எங்கூர்ல அங்கனதான் டவர் நல்லாக் கெடைக்கும். நானும் சிநேகா, நாகலெட்சுமி, பானுப்பிரியாவும் மத்தியானம் வேப்பமரத்தடியில ஒக்காந்து ஆடுவோம். மிளகாப் பழம் பெறக்கிட்டு வந்த கை எரியும். கண்ணக் கசக்கிட்டா அன்னைக்கு ஆட்டம் போச்சு.

– மிளகா பெறக்குற பொம்பளைகளுக்கு எதுக்கும்மா துப்பாக்கி? பழத்த வெட்டி அடுக்குற கேம் எத்தனையோ இருக்கு, ஜாலியா ஆடலாம்ல.

– அதும் ஆடுவோம்ணே. அத ஆடுனா கேமர் இல்லையா?

– அத ஆடுனா எங்கம்மா. டாக்டரு ஆஸ்பத்திரியில டோக்கனுக்குக் காத்திருக்கும்போது ஆடும்.

– தோத்தா ஒங்கம்மாவுக்குக் கோவம் வருமா?

– வரும். அன்னைக்குக் கொழம்புல உப்பு இருக்காது.

– அப்ப ஒங்கம்மாவும் கேமருதான். சுவத்துல எழுதிருங்க.

– ஏலே, நீ என்னத்துக்குச் சிரிக்கிற?

– நான் சிரிக்கல மாரீசு. தொண்டை.

– வாயி நீளந்தான் ஒனக்கு. சரி, ஐடியச் சொல்லு. ரேங்க்கு என்னன்னு பாப்போம்.

– மிளகாவத்தல்.

– என்னது?

– மிளகாவத்தல். ஐடியில போட்டோவுக்கு ஒரு குண்டு மிளகா இருக்கும்.

– அது... அது நீயா? ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல குடோனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்து என்னப் போட்டது?

– ஒளியலண்ணே. நீங்க திரும்பிப் பாக்கல.

– நீ இடது பக்கமாவே சுத்தி வருவியே, எவன்கிட்டயோ ட்ரெய்னிங் எடுத்த ஆளுன்னுல நெனச்சேன். யாரு சொல்லிக் குடுத்தா?

– போனுல வலது ஓரம் தொட்டா வேலை செய்யாது. வலப்பக்கம் ஓட முடியலன்னு இடப்பக்கமே ஓடிப் பழகிட்டேன்.

– பிரபாகரா, கேட்டியா? இதுக்குப் போயி நான் ரெண்டு நாளா வீடியோ போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.

– அது வந்து மாரீசு, எனக்கு முன்னாடியே...

– பேசாத. தங்கச்சி, இங்கன பாரு, பேச்ச முடிச்சுருவோம். நீ இன்னைக்கு எங்களோட ஆடுற. மதாரு ஐடியில ஆடு. பாஸ்வேர்டு ஏங்கிட்ட இருக்கு. மைக்க மட்டும் ஆஃப் பண்ணிரு.

– என் ஐடிக்கு என்ன கேடு?

– மிளகாவத்தல்னு பேர வச்சுக்கிட்டு எங்க டீமுக்குள்ள வந்தா ஊரு சிரிக்கும். அதும்போக ஒரு மொறை இருக்கு. நம்ம பக்கம் ஒருத்தன் வெளிநாடு போனா, பிளேன் ஏறுறதுக்கு முன்னாடி ஐடியையும் பாஸ்வேர்டையும் இங்கன ஒப்படைச்சிட்டுப் போவான். அடுத்தவன் அதுல ஒக்காந்து ஆடுவான். ரேங்க்கு கொறையக் கூடாதுல்ல. பேரு காலகாலத்துக்கும் நிக்கும்.

– அப்ப ஒங்க ஐடி?

– அது எங்க மாமன் மகன் ஐடி. குவைத்துல இருக்கான்.

– பிரபாகரண்ணனோடது?

– அவுக அண்ணன் சிங்கப்பூர் போகும்போது குடுத்தது. மத்த ரெண்டு பேருக்கும் அப்படித்தான். ஏன்?

– சும்மா கேட்டேன். சுவத்துல எழுதியிருக்கிற ஆளுக ஒருத்தரும் இந்த ஊர்லயே இல்ல. இங்கன ஒக்காந்து ஒருத்தரும் தன் பேர்ல ஆடுனதில்ல. இதுல நான் கேமருதானா இல்லையான்னு நீங்க வெசாரணை வைக்கிறீக.

– ஏய், அளந்து பேசு.

– அளந்துதான் பேசுறேன். என் ரேங்க்கு கம்மிதான். ஆனா மொத ஆட்டத்துல கதவு எதுன்னு தெரியாமச் செத்ததும் நாந்தான், ஞாயித்துக்கிழமை ஒங்கள அடிச்சதும் நாந்தான். ரெண்டுமே மிளகாவத்தல் பேர்லதான் கெடக்கு. இன்னைக்கு ஒங்களுக்கு ஜெயிச்சுக் குடுத்தா யாரு பேரு வரும்? மதாரு பேரு. மதாரு அங்கன கத்தார்ல வேலை பாத்துக்கிட்டிருப்பாரு.

– அவ சொல்றது நாயந்தான மாரீசு.

– நீ யாரு பக்கம்டா?

– நாயத்தத்தான் சொன்னேன்.

– சரி விடு, நேரமாகுது. நான் எறங்கி வாரேன், எவனுக்கும் இப்படி எறங்குனதில்ல. நீ ஒன் ஐடியிலயே ஆடு. மிளகாவோ புளியோ, இருந்துட்டுப் போகுது. ஆனா சுவத்துல எழுத மாட்டேன். எதுலயும் கேமருன்னு போட்டுக்கக் கூடாது. கெஸ்ட்டு. சம்மதமா?

– சுவத்துல எழுதுங்கன்னு நான் கேக்கவே இல்லையேண்ணே.

– மைக்கும் போட்டுக்க. போதுமா?

– அதும் நான் கேக்கல. மைக்குப் போட நான் யாருகிட்டயும் அனுமதி கேட்டதில்ல.

– கட்டுன சுவத்த இடிச்சுக்கிட்டு நான் எறங்கி வாரேன், இவ என்னடான்னா... ஆட வாரியா, இல்லையா?

– ஆடத்தான் போறேன். சாயங்காலம் இதே போட்டியிலதான். எங்க டீமு பதிஞ்சாச்சு. ஒங்களுக்கு ஆளு சேந்துச்சுன்னா மொத ரவுண்டுல ஒங்க டீமோட மோதுனாலும் மோதுவோம்.

– ஒங்க டீமா? களத்துல ஒக்காந்திருக்கிற நாலு பேரா? டீமுக்கு அஞ்சுன்னு இப்பத்தான சொன்னேன்.

– அஞ்சும் இருக்கு.

– இருந்தா அங்கன போயி ஆட வேண்டியதுதான. இங்கன ஏன் வந்து என் நேரத்தத் திங்கிற?

– எங்க அஞ்சாவது ஆளக் கூட்டிட்டுப் போக வந்தேன். நேத்தே ஒங்ககிட்டச் சொல்லிருறேன்னாரு. காலையில சொல்லிருறேன்னாரு. இன்னும் வாயத் தெறக்கல. தெறக்கட்டும்னுதான் இவ்வளவு நேரம் நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்.

– கூட்டிட்டுப் போறியா? இங்கருந்தா? ஏம்மா, இந்த ரூமுல என்னையும் பிரபாகரனையும் விட்டா ஆளே கெடையாது.

– நாந்தான் மாரீசு. ஒரு மாசமா இவுக டீமுலதான் ஆடுறேன், என் சொந்தப் பேர்ல, ரேங்க்கே இல்லாம. சுகந்தி, ஆட்டோவ நிப்பாட்டி வையி, செருப்ப மாட்டிட்டு வாரேன்.