கீழேயிருந்து நீளும் கை

அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வெளிச்சம் இடது மேல்புறத்திலிருந்து விழுந்தால்தான் எதிரே இருப்பவர் முகம் எனக்குச் சரியாகப் பிடிபடும். நாணயம் வடிவமைக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. என் மனைவி டோர்த்தே இன்னும் ஒரு படி மேலே. உணவகத்துக்குப் போனால்கூட ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பாள்.

அவளைப் பற்றித்தான் பேச வந்தேன், திருமதி டெஷ்னர். போன பிப்ரவரியில் அடுப்புப் புகையில் இறந்துபோனாள் என்று உங்கள் காவல் துறையே எழுதி முடித்த விஷயம். எங்கள் ஹாலே நகரத்தில் குளிர்காலம் வந்தால் யாராவது ஒருவர் அப்படிப் போகிறார். பழைய வீடு, பழைய இரும்பு அடுப்பு, நிலக்கரி. அன்றைக்கு வந்த உங்கள் அதிகாரி என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் பார்த்ததெல்லாம் உண்மைதான்.

வெள்ளியில் பத்து மார்க் நினைவு நாணயம் வருகிறதே, அதை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். யார் செய்தது என்று பார்த்திருக்க மாட்டீர்கள். பான் நகரத்து அரசு அலுவலகத்திலிருந்து சில சிற்பிகளுக்கு அழைப்பு வரும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பிளாஸ்டரில் வடிவம் செய்து அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் சொல்ல வந்த விஷயம், மறு பக்கம் கழுகு. பெயர் போடக் கூடாது, பின்புறம் ஓர் எண் மட்டும். யாருடைய வேலை என்று தெரியாமலே நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளை நாணயத்தின் ஓரத்தில் பொறித்துக்கொள்ளலாம். கடுகளவுதான் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடுகு ஒன்றுதான்.

நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் விழுவதற்கு முன்னால் எனக்கு வேலை ஓயாது. தொழிற்சாலை ஆண்டுவிழாவுக்குப் பதக்கம், நல்ல பால் கறந்த பண்ணைக்குப் பதக்கம். டோர்த்தே அப்போது பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்கு அச்சு செய்துகொண்டிருந்தாள். பிறகு ஆலைகள் மூடின. பதக்கம் குத்திக்கொள்ள ஆளில்லை. இருவரும் வெள்ளி நாணயப் போட்டிகளில் இறங்கினோம். அவளுக்கு ஒன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. எனக்கு ஒவ்வொரு முறையும் பிளாஸ்டர் திரும்பி வந்தது, பத்திரமாகப் பொதிந்து, கீறல்கூட இல்லாமல்.

அவளுடைய இரண்டாவது நாணயம் வெளியான அன்று வங்கியில் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இது உங்க வீட்டம்மா செஞ்சதாமே? அப்புறம் நீங்க எதுக்கு வரிசையில நிக்கறீங்க? வீட்டுல ஓசியிலயே கெடைக்குமே" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்கள் தெரு ரொட்டிக்கடையில் என்னை யாரும் பிராண்டிஸ் என்று கூப்பிடவில்லை. "காசு செய்யற அம்மாவோட வீட்டுக்காரர் வந்திருக்காரு, அவருக்கு என்ன வேணும்னு கேளு" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார்கள். எனக்கு அது இரவெல்லாம் நெஞ்சை அறுக்கும்.

கடைசியாக வந்த அழைப்பு சுரங்க விபத்துகளில் ஆட்களை மீட்பவர்களுக்கான நாணயம். சுரங்கம் என்றவுடன் எல்லோரும் விளக்கும் சுத்தியலும் போடுவார்கள். நானும் விளக்குத்தான் போட்டேன், நல்ல விளக்கு. டோர்த்தே அப்படி உட்கார்ந்த இடத்தில் செய்கிறவள் இல்லை. பேருந்து பிடித்து மன்ஸ்ஃபெல்ட் சுரங்கங்கள் பக்கம் போய், ஓய்வுபெற்ற மீட்பாளர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதையே சொன்னாள்.

"சுரங்கத்துல தீப்பிடிச்சா வர்ற அந்த வாயுவுக்கு வாசமே கெடையாதாம், ஓர்ட்வின். செத்தவங்க கன்னமெல்லாம் செவந்துபோய், மத்தியானத் தூக்கம் போடற மாதிரி படுத்திருந்தாங்களாம். எழுப்பப் போனவங்களும் பக்கத்துலயே படுத்துட்டாங்களாம்."

"சூப் ஆறுது, சாப்பிடு" என்றேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை. அவளால்தான் எனக்குத் தெரிய வந்தது என்று சொல்கிறேனே தவிர, பழியை அவள்மேல் போடவில்லை.

அவள் செதுக்கியது இரண்டு கைகளை மட்டும். மேலேயிருந்து உறை போட்ட ஒரு கை இறங்குகிறது. கீழேயிருந்து வெறுங்கை ஒன்று நீள்கிறது. இரண்டும் தொடவில்லை. நடுவில் ஒன்றுமே இல்லாத பளபளப்பான வெள்ளி. கீழே இருக்கும் கை என்னுடையது. நாள்கணக்கில் என்னைப் பட்டறைத் தரையில் படுக்க வைத்துக் கையை நீட்டச் சொன்னாள். "கொஞ்சம் உயிர் மேல ஆசையோட நீட்டேன். பஸ்ஸை நிறுத்தற மாதிரி நீட்டறே" என்று கேலி வேறு. நாங்களெல்லாம் மெழுகில் மேடாக வைத்து உருவாக்குவோம். அவள் நேராகப் பிளாஸ்டரில் பள்ளமாகச் செதுக்குவாள், எல்லாம் இடம் வலம் மாறி. இடதுகைக்காரி. எனக்கு அந்த வேலை கடைசிவரை வரவில்லை.

முடித்துவிட்டு வார்ப்பு எடுத்து விளக்கடியில் வைத்தாள். இது ஜெயிக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது, திருமதி டெஷ்னர். இனி அழைப்பு வருமா என்றே தெரியாது. நான் இருந்தேன் என்பதற்கு உலோகத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம் என்னை உண்ண விடவில்லை.

அன்று மதியம் வினிகர் விட்ட பருப்புச் சூப். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவை ரெண்டு பேர் வேலைன்னு அனுப்பிடலாமா? ஜெயிச்சா ரெண்டு பேர் எழுத்தும் ஓரத்துல வரும்."

"எதுக்கு?"

"கை உன்னோடதுதானே."

"கைய நீட்டினவனுக்கெல்லாம் பேர் போடுவாங்களா?"

"போட்டா என்ன இப்ப? யாரு வந்து கேக்கப் போறா? நீயும் எத்தனை நாள்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு அலைவே."

சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சூப் விட்டாள். அன்பாகத்தான் சொன்னாள், அதுவும் தெரியும். தோற்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது. பிச்சை வாங்கப் பழகவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிளாஸ்டர் காயும்போது சூடு சீராக இருக்க வேண்டும். ஏறி இறங்கினால் வெடித்துவிடும். அதனால் வடிவம் காயும்வரை எங்களில் ஒருவர் பட்டறையிலேயே இருப்போம். அன்று அவள் முறை. சோபாவில் படுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் போய் அடுப்பில் கரி போட்டேன். சூடு நிலைக்கட்டும் என்று புகைக்குழாயின் தட்டை மூடினேன். கனல் அடங்கிய பிறகு மூடுவது வழக்கம், இல்லாவிட்டால் அந்த வாசமில்லாத வாயு அறைக்குள்ளேயே தங்கிவிடும். அன்று அடங்கவில்லை. பிளாஸ்டரைக் காப்பாற்றத்தான் மூடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு ஸாலே ஆற்றங்கரைக்குப் போனேன். வாத்துகளுக்கு ரொட்டி போட்டேன். திரும்பி வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

நான் செய்திருந்த விளக்கு வடிவத்தை உடைத்துப் போட்டேன். அவளுடைய வடிவத்தின் பின்னால் என் எண்ணை எழுதி அனுப்பினேன். முதல் பரிசு கிடைத்தது. ரொட்டிக்கடைக்காரி வீட்டுக்கே பிளம் கேக் கொண்டுவந்தாள். "இதைப் பாக்க அவங்க இல்லாமப் போயிட்டாங்களே, ஹெர் பிராண்டிஸ்" என்று அழுதாள். ஹெர் என்று மரியாதை சேர்த்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் எங்கள் தொழிலில் பரிசு கிடைத்தால் வேலை முடிந்தது என்று பொருள் இல்லை. நடுவர்கள் திருத்தம் சொல்வார்கள். எழுத்தைத் தாழ்த்து, கழுகின் இறகைக் குறை என்று ஏதாவது இருக்கும். ஜெயித்தவர்தான் அதைச் செய்து கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? அவளுடைய இரண்டு நாணயங்களுக்கும் அவள் திருத்தம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த மதியம் அது என் நினைவுக்கே வரவில்லை. இவ்வளவு கெட்டியாக யோசித்தவன் அதை மறந்துபோனேன்.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு திருத்தம். கீழே இருக்கும் கை உயிரோடு இருப்பவனின் கையா, செத்தவனின் கையா என்று தெளிவாக இல்லையாம். அது உயிருள்ள கையாகத் தெரிய வேண்டும் என்றார்கள். என்னுடைய கை அது. அதற்கு உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை என்றார்கள்.

முயன்றேன். எத்தனை வார்ப்பு எடுத்தேன், எத்தனை கெட்டது என்று கணக்கில்லை. விரலை மடக்கினால் கெஞ்சுவது போல இருந்தது. நீட்டினால் விறைத்துப்போனது. கண்ணாடி முன் தரையில் படுத்து என் கையை நானே பார்த்தேன். அதில் எந்த ஆசையும் இல்லை. ஒரு நாள் உளியைப் பிடித்தபடி, "கட்டைவிரலை என்ன பண்ணலாம்?" என்று சோபாவைப் பார்த்துக் கேட்டேவிட்டேன். பதில் வரும் என்று காத்துக்கொண்டும் இருந்தேன். எனக்கு உதவக்கூடிய ஒரே ஆளை நானே இல்லாமல் செய்திருந்தேன். அப்போதுதான் முதல் முறையாக அழுதேன். தவணை நெருங்கியது. கிடைத்ததில் சுமாரானதைத் துணியில் சுற்றிக்கொண்டு, நேற்று பானுக்குப் போனேன்.

நடுவர்களில் மூத்தவர் ஷிர்மர். நாணயச்சாலையில் செதுக்குபவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஹெர் பிராண்டிஸ், இதுல ரெண்டு பேர் வேலை இருக்கு. மேல் கை முழுக்க இடதுகைக்காரங்க செதுக்கினது. கீழ்க் கையில புதுசா வந்திருக்கிறது அப்படி இல்ல."

நான் சுற்றிக்கொண்டுவந்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

"இதுல மறைக்க என்ன இருக்கு? அவங்க ஆரம்பிச்சதை முடிக்கணும்னு பாத்தீங்க. எந்தப் புருஷனும் அதைத்தான் செய்வான். விதியிலதான் இடிக்குது, அதை நான் பேசிக்கறேன். டோர்த்தே பேரிலயே வெளியிடலாம். கைய எங்க ஆளு ஒருத்தர் சரி பண்ணிடுவாரு. நீங்க போய் ஓய்வெடுங்க, ரொம்ப வாடிப் போயிருக்கீங்க."

இன்னொரு கரண்டி சூப். அவருக்கும் நல்ல மனசுதான். என் பெயர் எங்கேயும் வரப்போவதில்லை என்பதை அவ்வளவு மென்மையாகச் சொன்னார். காப்பி வேறு வரவழைத்துக் கொடுத்தார்.

இரவு ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். இதுநாள்வரை நான் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று அப்போது தானாகக் கண்முன் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்தேன்.

ஆற்றங்கரைக்குப் போனேன் என்றேன் அல்லவா, இடையில் ஒரு முறை திரும்பினேன். பிளாஸ்டர் என்ன ஆயிற்றோ என்ற கவலை. ஈரத் துணியை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கீறல் இல்லை, நன்றாகக் காய்ந்திருந்தது. கைகள் இருந்த பக்கம், கழுகு இருந்த பக்கம் இரண்டையும் அணைத்துத் தூக்கிக்கொண்டேன். திரும்பியபோது அவள் சோபாவிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள், அது முகத்திலேயே தெரிந்தது. கையை நீட்டினாள். முதலில் மணிக்கட்டு எழுந்தது. விரல்கள் பின்தங்கித் தொங்கின, பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன, கடைசியில் கட்டைவிரல். என் கால்சட்டை நுனிவரை வந்தது. என் இரண்டு கைகளிலும் பிளாஸ்டர் இருந்தது. கீழே போட்டிருந்தால் உடைந்திருக்கும். வெளியே வந்து முழங்கையால் கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் வாத்துகளுக்கு ரொட்டி போட்டேன்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் பானுக்கு ஒரு போன் போட்டு, அந்தக் கையை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டைவிரல் கடைசியில்தான் விரிய வேண்டும். அது ஷிர்மருடைய ஆளுக்குத் தெரியாது, பார்த்தவன் நான் ஒருவன்தான். சிறையிலானாலும் சரி, ஒரு பிளாஸ்டர் பலகையும் ஓர் உளியும் கொடுங்கள், இந்த முறை சரியாக வந்துவிடும். டோர்த்தே உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை யாரோ ஒருவன் கையில் கொடுத்துக் கெடுத்தால், அது அவளுக்குச் செய்கிற துரோகம்.